வலது கை கொடு, பெப்பே!

சூரிய அஸ்தமனம் பார்க்கிறேன் பேர்வழி என்று 160 மைல் கார் ஓட்டிக்கொண்டு போனவன், சூரியன் கடலில் இறங்குகிற அந்த நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நான் மட்டுமில்லை. என்னைச் சுற்றி ஒரு நூறு பேர் அப்படித்தான் நின்றார்கள். மேற்கே யாரோ ஆரஞ்சு ஜூஸைக் கொட்டிவிட்ட மாதிரி வானம். திரும்பிப் பார்க்க ஆளில்லை. எல்லார் கண்ணும் ஒரு ஸ்டூல் மேல்.

ஸ்டூல் மேல் ஒரு பூனை உட்கார்ந்து, நிதானமாகத் தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

இடம், கீ வெஸ்ட். அமெரிக்க மேப்பில் வலது பக்கம் கீழே ஃப்ளோரிடா என்று கட்டைவிரல் மாதிரி ஒன்று தொங்குகிறதல்லவா? அதன் நுனியிலிருந்து கடலில் சொட்டுச் சொட்டாகச் சிந்தின மாதிரி சில தீவுகள். ரோடு போகிற கடைசிச் சொட்டு இது. அங்கிருந்து கியூபா 90 மைல்தான் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போனது 2008 பிப்ரவரியில், திங்கட்கிழமை லீவு சேர்ந்து வந்த ஒரு நீள வார இறுதியில்.

'எதற்குப் போனாய்?' என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், 'ஊர் சுற்ற' என்று சொல்லியிருப்பேன். பொய். ஒரு பூனையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

●

மயாமியில் கம்பெனி ப்ராஜெக்ட். நானும் ஒரு ரூம்மேட்டும் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். (ரூம்மேட் பெயர் வேண்டாம். இன்றைக்குப் பெங்களூரில் பெரிய மேனேஜர்.) வீட்டுக்காரம்மா கியூபாவிலிருந்து சின்ன வயசிலேயே வந்துவிட்டவர். 'ஸெனோரா' என்று கூப்பிடுவோம். கணவர் இல்லை. கூட இருந்தது பெப்பே என்கிற சாம்பல் நிறப் பூனை. நல்ல புஷ்டி. நடந்து வந்தால் ரிட்டயரான தாசில்தார் மாதிரி இருக்கும்.

ஜனவரி கடைசியில், மகளின் பிரசவத்துக்காக ஸெனோரா ஆறு வாரம் நியூஜெர்ஸிக்குக் கிளம்பினார். "பெப்பேவைப் பார்த்துக்கோ. வாடகையில் நூறு டாலர் கழிச்சுக்கோ" என்றார். நூறு டாலர்! பெப்பேவை மட்டுமில்லை, ஒரு சிறுத்தையைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் தேவலை. அந்தம்மா திரும்பி வரும்போது ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. 'கை கொடு' என்றால் பெப்பே வலது கையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். நாய் செய்கிறது. பூனை செய்யாதா?

முதல் நாள், ஊரிலிருந்து வந்திருந்த மைசூர்பாகைக் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, அது என்னவோ செங்கல் என்கிற மாதிரி போய்விட்டது. அதன் மேல் தப்பில்லை. பூனைக்கு இனிப்பே தெரியாது ஸார்! நாக்கில் தித்திப்பை உணர வேண்டிய ஜீன் பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005-ல் ஃபிலடெல்ஃபியா விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். புலிக்கும் அதே கதி.

அடுத்தது பலாத்காரம். முதுகை அமுக்கி உட்கார வைத்து, கையைப் பிடித்துக் குலுக்கினேன். பெப்பேவும் என் கையில் நாலு கோடு போட்டுக் கொடுத்தது.

அப்போதுதான் ரூம்மேட் ஞானம் சொன்னான். "டேய், வயிறு நிறைஞ்சிருந்தா எவன்டா வேலை செய்வான்? ரெண்டு நாள் பட்டினி போடு. தானா வழிக்கு வரும்."

போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்றரை நாள் போட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்து மீன் வாசனை காட்டி, "கை கொடு!" என்று கத்தினேன். அது கத்தலில் மிரண்டு ஓடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. சரி, பாவம் என்று மீனைத் தட்டில் வைத்தேன். வரவில்லை. ராத்திரி முழுக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தட்டு அப்படியே இருந்தது. டார்ச் அடித்தால் இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை துண்டில் சுற்றி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கிவிட்டது. பூனை நம்மைப் போல ஏகாதசி விரதம் இருக்கிற ஜந்து இல்லையாம். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்துவிடும். ஈரல் அதைத் தாங்காது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதிலும் குண்டுப் பூனைக்கு ரிஸ்க் ஜாஸ்தி.

நல்ல வேளை, ஈரல் தப்பியது. தோலுக்கடியில் ஸலைன் ஏற்றினார்கள். பில் 210 டாலர். பெப்பே அன்று ராத்திரியே சாப்பிட ஆரம்பித்தது. ஆனால் அன்றிலிருந்து நான் ஒரு கதவால் உள்ளே வந்தால் அது இன்னொரு கதவால் வெளியே போகும். ஒரே வீட்டில், நம்மைக் கண்டால் எழுந்து போகிற ஜீவன் ஒன்று இருப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பில் கட்டும்போது அந்த க்ளினிக்கில் இருந்த பெண்ணிடம் நடந்ததை உளறிவிட்டேன். அவள் திட்டவில்லை. "ஒரு தடவை கீ வெஸ்ட் போ. சாயங்காலத்தில் ஒருத்தர் பூனைகளை வைத்து வித்தை காட்டுவார். போனால் பூனையைப் பார்க்காதே. அவர் கையைப் பார்" என்றாள்.

மாடி வீட்டுப் பாட்டியிடம் சாவியையும் பெப்பேவையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

●

போகிற வழியே ஒரு அதிசயம். 42 பாலங்கள். இடது பக்கம் அட்லாண்டிக், வலது பக்கம் மெக்ஸிகோ வளைகுடா. நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி ரோடு. அதில் ஒரு பாலத்துக்குப் பெயரே 'ஏழு மைல் பாலம்'. 1982-ல் கட்டியது. ஓட்டிக்கொண்டே இருக்கிறோம், கரை வரவே மாட்டேனென்கிறது. பக்கத்திலேயே பழைய பாலம் எலும்புக்கூடு மாதிரி கூட வருகிறது. 1912-ல் ஃப்ளாக்லர் என்கிற கோடீஸ்வரர் கடல் மேலே ரயிலே விட்டிருக்கிறார்! 1935-ல் ஒரே புயல், தண்டவாளத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டது. அந்த ரயில் பாதையின் மேல்தான் 1938-ல் ரோடு வந்தது.

கீ வெஸ்டில் இறங்கினதும் முதலில் வரவேற்றது சேவல். ரோட்டில், ஓட்டல் வாசலில், பாங்க் படிக்கட்டில், எங்கே பார்த்தாலும் சேவல். யாரும் விரட்டுவதில்லை. அடுத்தது பூனை.

பூனை பார்க்க வேண்டுமானால் ஒயிட்ஹெட் தெருவில் எழுத்தாளர் ஹெமிங்வே குடியிருந்த வீட்டுக்குப் போகவேண்டும். 1931-ல் இந்த வீட்டுக்கு வந்தார். ஒரு கப்பல் காப்டன் அவருக்கு ஆறு விரல் பூனை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார் என்று கதை. சாதாரணப் பூனைக்கு முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, ஆக 18 விரல். இங்கே பாதிக்குப் பாதி பூனைகள் கையில் க்ளவுஸ் மாட்டின மாதிரி அகலப் பாதத்தோடு உலாத்துகின்றன. ஐம்பது பூனைக்குக் குறையாது. ஒன்று ஹெமிங்வேயின் கட்டிலில் படுத்துத் தூங்குகிறது. நாம் தொட்டால் கைடு அதட்டுகிறார். அது படுத்தால் போட்டோ எடுக்கச் சொல்கிறார்!

'டிக்கெட் வாங்கிக்கொண்டு பூனையைக் காட்டுகிறீர்கள், ஆகவே இதுவும் ஒரு மிருகக் காட்சிதான்' என்று அரசாங்கம் கிடுக்கிப்பிடி போட, கேஸ் வருஷக்கணக்கில் நடந்து 2012-ல் அரசாங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 2017-ல் இர்மா புயல் வந்தபோது ஊரே காலி செய்தது. இந்த வீட்டு ஊழியர்கள் மட்டும் பூனைகளை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று உள்ளேயே இருந்துவிட்டார்கள். 54 பூனைகளில் ஒன்றுக்கும் ஆபத்தில்லை. தட்டிலிருந்து மீனை எடுத்து ஒளித்துவைத்த எனக்கு, பேப்பரில் அதைப் படித்தபோது என்னவோ போலிருந்தது.

●

இப்போது மறுபடி அந்த ஸ்டூலுக்கு வருவோம்.

கீ வெஸ்டில் தினமும் சூரியனை வழியனுப்புவது ஒரு திருவிழா. மல்லரி ஸ்கொயர் என்கிற கடலோர மைதானத்தில் ஊரே கூடும். நெருப்பை முழுங்குகிறவர், கம்பி மேல் நடக்கிறவர், கித்தார்க்காரர், சிப்பிப் பொரியல், எலுமிச்சை ஐஸ். சூரியன் முழுகினதும் கை தட்டுகிறார்கள். பாவம், சூரியன் மறுபடி மேலே வந்து வணக்கம் சொல்லாதது ஒன்றுதான் குறை.

அதை ஒட்டின கப்பல் துறையில்தான் நம் ஆள் இருந்தார். டொமினிக் லெஃபோர்ட். பிரெஞ்சுக்காரர். 1980-களிலிருந்து இந்தக் கடற்கரையில் வீட்டுப் பூனைகளை வைத்து வித்தை காட்டிப் பெயர் வாங்கினவர். ஊரில் 'பூனை மனிதர்' என்றால்தான் தெரியும். தலை பரட்டை. குரல் வெண்கலம். ஓடுகிறார், குதிக்கிறார், பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்து கத்துகிறார். கத்தலெல்லாம் நமக்கு. பூனைகள் பக்கம் திரும்பினால் குரல் இறங்கிவிடுகிறது.

ஒரு பூனை ஸ்டூலிலிருந்து ஸ்டூலுக்குத் தாவியது. இன்னொன்று கயிற்றின் மேல் நடந்தது. கடைசியில் வளையத்தில் நெருப்பைப் பற்ற வைத்தார். கூட்டம் கப்சிப். பூனை அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது, 'இதற்கா இத்தனை அமர்க்களம்' என்கிற மாதிரி ஒரே தாவு. அந்தப் பக்கம்!

நான் க்ளினிக் பெண் சொன்னபடி கையைப் பார்த்தேன்.

பூனையின் நாலு காலும் ஸ்டூலில் பட்ட அதே விநாடி, அவர் கையிலிருந்து ஒரு துளி தீனி அதன் வாயில். பட்டாணி அளவுகூட இருக்காது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்த விநாடி. ஒரு பூனைக்கு அன்று மூட் இல்லை. வளையத்தின் முன்னால் உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார், வானத்தைப் பார்த்துப் புலம்பினார், கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தக் கை? அது பூனையின் முதுகில் ஒரு தட்டு தட்டி, கூண்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பூனையைக் கூப்பிட்டது. அடிக்கவில்லை. தள்ளவில்லை. பிடித்து இழுக்கவில்லை.

ஷோ முடிந்ததும் அதே கை ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தது. பூனைக்கு ஒரு துளி, அவருக்கு ஒரு டாலர், எனக்கு மாசக் கடைசியில் ஒரு செக். மூன்று பேரும் ஒரே தொழில்தான் என்று தோன்றியது. நான் ஐந்து டாலர் போட்டேன்.

●

ஊருக்குத் திரும்பி லைப்ரரியில் படித்துப் பார்த்தால், பட்டினி டெக்னிக்குக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. 1898-ல் தார்ன்டைக் என்கிற அமெரிக்கர் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, மீனை வெளியே வைத்தார். கொக்கியைத் தட்டினால் கதவு திறக்கும். தற்செயலாகத் தட்டின பூனை, அடுத்தடுத்த தடவை சீக்கிரம் தட்டியது. பலன் கிடைக்கிற காரியம் மனசில் பதியும் என்று தீர்மானித்தார். இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

இதைவிட ருசியான கதை அடுத்தது. 1946-ல் கத்ரி, ஹார்ட்டன் என்று இரண்டு பேர், பூனைகள் கூண்டில் ஒரு கம்பை ஒரே மாதிரி உரசி உரசிக் கதவைத் திறப்பதைப் படமெடுத்து, 'ஆஹா, பூனை பாடம் கற்றுவிட்டது' என்று புத்தகம் போட்டார்கள். 1979-ல் வேறு இரண்டு விஞ்ஞானிகள் குட்டை உடைத்தார்கள். பூனை மனிதர்களைக் கண்டால் கிட்டே இருக்கிற எதையாவது உரசும். அது அதன் 'வணக்கம்'. அந்த அறையில் ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்! ஆள் கண்ணில் படாதபோது உரசல் இல்லை. பூனை வணக்கம் சொல்லியிருக்கிறது, இவர்கள் மார்க் போட்டிருக்கிறார்கள்.

நான் முதல் வாரம் பெப்பேவுக்கு எதுவுமே கற்றுக் கொடுக்கவில்லை. ஆஃபீஸ் விட்டு வந்து தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பக்கத்தில் வேகவைத்த சிக்கன், உப்பு போடாமல், துளித் துளியாக. அதன் பக்கமே பார்க்க மாட்டேன். முதல் நாள் வாசற்படி வரை வந்தது. நாலாம் நாள் பேப்பர் வரை. ஆறாம் நாள் பேப்பர் மேலேயே உட்கார்ந்தது.

அப்புறம்தான் பாடம். இதற்கென்று 'க்ளிக்கர்' என்று ஒரு சின்ன டப்பி விற்கிறார்கள். நான் ஆஃபீஸ் பால்பேனாவை வைத்துக்கொண்டேன். 'டிக்' என்றால் சிக்கன். இருபது தடவை இதே. 'டிக்' சத்தம்தான் சம்பளச் சீட்டு என்று அதற்குப் புரிந்துவிட்டது. பிறகு ஒரு குச்சியை நீட்டினேன். மூக்கால் தொட்டது. டிக். சிக்கன். தலைக்கு மேலே தீனியைக் கொண்டு போனால் அண்ணாந்து பார்க்கும்போது தானாக உட்கார்ந்தது. டிக். முதுகை அமுக்க அவசியமே இல்லை! சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், அதுவும் ஐந்து நிமிஷம்தான். அதற்கு மேல் போனால் அது காலை நக்கும். ட்யூட்டி டைம் முடிந்தது என்று அர்த்தம். அதன் ராத்திரிச் சாப்பாடு எப்படியானாலும் உண்டு. வித்தை செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

பன்னிரண்டாம் நாள் என் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தது. நகம் உள்ளே இருந்தது. டிக் அடிக்க மறந்து போனேன்.

நான் ஏதோ அசாத்தியத்தைச் சாதித்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அனாதைப் பூனைகள் 100-க்கு இரண்டு வாரத்தில் 15 தடவை, தடவைக்கு ஐந்தே நிமிஷம் இப்படிப் பாடம் எடுத்தார்கள். முடிவில் குச்சியை நன்றாகத் தொட்டவை 79 சதவிகிதம். சுற்றியவை 60. கையோடு கை தட்டியவை 31. 'உட்கார்' என்றால் உட்கார்ந்தவை வெறும் 27! வேலை செய்து சாப்பிடுவதா, சும்மா கிடைப்பதைச் சாப்பிடுவதா என்று கலிஃபோர்னியாவில் 17 பூனைகளுக்குச் சாய்ஸ் கொடுத்து 2021-ல் ரிசல்ட் சொன்னார்கள். சும்மா கிடைப்பதையே அதிகம் சாப்பிட்டிருக்கின்றன. நம்ம ஆஃபீஸில் இந்த ஆராய்ச்சியைச் செலவில்லாமல் முடித்திருக்கலாம். ஆனால் 2017-லேயே ஆரிகனில் சாப்பாடு, பொம்மை, வாசனை, மனுஷன் என்று நாலையும் எதிரே வைத்தபோது, பாதிப் பூனைகள் மனுஷனிடம்தான் அதிக நேரம் இருந்தன.

●

மார்ச் பாதியில் ஸெனோரா வந்தார். பேரக் குழந்தை போட்டோவெல்லாம் பார்த்த பிறகு, ஹாலில் அவரை உட்கார வைத்து, "பாருங்கள்" என்று பேனாவோடு மண்டி போட்டேன். "கை கொடு, பெப்பே!"

பெப்பே என்னைப் பார்த்தது. ஸெனோராவைப் பார்த்தது. காலை நக்க ஆரம்பித்தது. ரூம்மேட் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்கு அந்த இடத்தில் தாங்கவில்லை. மைசூர்பாகிலிருந்து 210 டாலர் வரைக்கும் ஒன்று விடாமல் ஸெனோராவிடம் சொல்லிவிட்டேன். பட்டினி போட்டதைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

"தெரியும்" என்றார்.

அந்த டாக்டர், பெப்பேவுக்குக் குட்டியிலிருந்து பார்க்கிறவராம். அன்றைக்கே அவருக்கு போன் போட்டு எல்லாம் சொல்லிவிட்டார்களாம்.

"அப்புறம் ஏன் என்னைத் திட்டவேயில்லை? பெப்பேவை வேறு யாரிடமாவது விடச் சொல்லியிருக்கலாமே?"

"கீ வெஸ்டுக்குப் போறேன்னு சொன்னியாமே. சரி, கத்துக்கிட்டு வரட்டும்னு விட்டேன். அன்னிக்கே திட்டியிருந்தா நீயும் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்திருப்பே!"

சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் ஆஃபீஸ் விட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெப்பே வந்தது. ஷூவை ஒரு உரசு உரசியது. எதிரே உட்கார்ந்து, வலது கையைத் தூக்கியது.

என்னிடம் சிக்கன் இல்லை, பேனாவும் இல்லை. கை மட்டும்தான் இருந்தது.

கொடுத்தேன்.